ஞானராஜா அண்ணா வாசிக்காத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. சன்னிவேலிலிருந்து ரூத். ஞானராஜா அண்ணாவின் மகள். அவள் என்னை அழைப்பது அதுதான் முதல் தடவை. "ஆன்ட்டி, அப்பா இஸ் கான்" என்றாள். அந்த வாக்கியத்தில் 'அப்பா' என்ற சொல்லுக்கு மட்டும் அவள் குரல் தடுமாறியது. வாடகை வீட்டு மேலாளர் இரண்டு நாளாகக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மாற்றுச் சாவியால் திறந்திருக்கிறார். இதயம் நின்றுபோயிருந்தது. "இரண்டு நாள் தட்டியிருக்கிறார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லையா?" என்று ரூத் ஆங்கிலத்தில் கேட்டாள். எப்படிச் சந்தேகம் வரும்? அவர் உயிரோடு இருந்தபோதும் தட்டினால் திறந்தவரில்லை.

ஹூஸ்டனில் அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாமுவேல் ஞானராஜா என்ற பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதர். கடைவீதியில் வணக்கம் சொன்னால் கண்டுகொள்ளாமல் போவார். வெள்ளைக்காரர்களோடு ஊர் ஊராகப் பாட்டுக் கச்சேரி செய்த திமிர் என்று சொன்னீர்கள். குடிக்கிறார் என்றும் சொன்னீர்கள். அவருக்குக் காது கேட்காது. அவ்வளவுதான். தான் இருக்கும்வரை அதை வெளியில் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். இனி அந்தக் கட்டுப்பாடு எனக்கு இல்லை.

நான் ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, எண்ணெய்க் கிணறுகளுக்கான அளவுக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். தமிழ் முகம் என்று ஆசையாகப் போய்ப் பேசினேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் தீ எச்சரிக்கை மணி அடித்தது. எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றோம். அவரைக் காணவில்லை. நான் திரும்ப உள்ளே ஓடினேன். காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் குனிந்து, ஒரு மின்சுற்றுப் பலகையில் நிதானமாக ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வெளியே நடந்து வரும்போது, "ஒருத்தருக்கும் சொல்லாதையும் பிள்ளை" என்றார்.

"எப்ப இருந்துங்ணா இப்படி?"

"கனகாலம். ராயின்ர கிட்டார் ஸ்பீக்கர்ப் பெட்டி என்ர காதடியில பத்து வருசம் கத்தினது. கீழ்ச்சத்தம் கொஞ்சம் கேக்கும். மேல்ச்சத்தம் எல்லாம் போயிட்டுது."

ராய் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு தேவாலயத்தில் கால்மிதி ஆர்கன் வாசித்துப் பழகியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் டெக்சாஸுக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தார். இங்கே ஒரு பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறுதோறும் வாசித்ததைக் கேட்ட ராய் என்ற கிட்டார்க்காரர், படிப்பைப் பாதியில் நிறுத்தச் செய்து தன் குழுவோடு கூட்டிக்கொண்டு போனார். இங்குள்ள தென் மாநிலங்களில் அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த ராக் இசை அது. இரண்டு மூன்று கிட்டார்கள், கண்ட்ரியும் ப்ளூஸும் கலந்த மெட்டு, வறண்ட நெடுஞ்சாலை போல நீண்டுகொண்டே போகும் பாட்டுகள். அதற்குள் யாழ்ப்பாணத்துக் கோயில் ஆர்கன் போய் உட்கார்ந்தது. பாடகர் வெய்னுக்கு ஞானராஜா என்ற பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் இசைத்தட்டு உறையில் அவர் 'ஜானி ராஜ்' ஆனார். அவர்களுடைய மிகப் பெரிய பாட்டு ஆர்கன் தனியாகத் தொடங்கித்தான் வரும். இப்போதும் அது ஏதாவது ஒரு ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கும். டெக்சாஸில் கார் ஓட்டும் நீங்கள் ஒருமுறையாவது அதைக் கேட்டிருப்பீர்கள். வாசிப்பது நம்மவர் என்று தெரிந்திருக்காது.

எண்பதுகளில் குழு உடைந்தது. அவருடைய மனைவி சிறு குழந்தையாக இருந்த ரூத்தை எடுத்துக்கொண்டு கலிபோர்னியா போனார். அண்ணா விட்ட படிப்பை முடித்து வேலைக்கு வந்தார்.

போரில் யாழ்ப்பாணத்துச் சனம் மொத்தமாக வெளியேறிய 95ஆம் வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய அம்மாவும் தங்கை சாந்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வாரக்கணக்கில் செய்தி இல்லை. பிறகு, சாந்தி கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டாள், சனிக்கிழமை காலை போன் செய்வாள் என்று ஒரு உறவினர் மூலம் தகவல் வந்தது. அண்ணா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். வரவேற்பறைப் போனை அவர் கையில் வைத்துக்கொண்டார். படுக்கையறைப் போனை நீளமான வயரோடு இழுத்துவந்து நான் எதிரே உட்கார்ந்தேன். மணி அடித்ததும் தலையசைத்தேன். எடுத்தார்.

"அண்ணையோ? அண்ணை, நான் சாந்தி."

அவள் சொன்னதையே நான் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். "சொல்லு சாந்தி, கேக்குது" என்றார் அவர்.

"அம்மா செத்துப்போட்டா அண்ணை. நாவற்குழிப் பாலத்தடியில. சரியான மழை. நடக்க ஏலாமல் இருந்தவ. தூக்கிக்கொண்டு போக ஆளில்லை."

என் உதடு அசையவில்லை. அவர் என் வாயைப் பார்த்தபடியே இருந்தார். சாந்தி அந்தப் பக்கம் அழத் தொடங்கிவிட்டாள். அவருக்கு எதுவும் தெரியாது. "கேக்குது சாந்தி, கேக்குது, சொல்லு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் நான் 'அம்மா' என்று உதட்டால் சொன்னேன். அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். தங்கை அந்த முனையில், "அண்ணை, ஏன் ஒண்டும் கதைக்கிறீங்கள் இல்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் நடந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். பள்ளிக்கூட மண்டபம். பாட வந்த பெண்மணி எடுத்த சுருதி ஒன்று, கீபோர்டில் அண்ணா வாசித்த சுருதி வேறு. அவள் நிறுத்தியும் அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடி வாசித்துக்கொண்டே போனார். பின்வரிசையில் சிரித்தார்கள். யாரோ, "புல்லா ஏத்திட்டு வந்துட்டாரு போல" என்றது என் காதில் விழுந்தது. திரும்பும்போது காரில் அதை அவரிடம் சொல்லி, உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். மறுத்தார்.

"குடிகாரன் எண்டால் நாளைக்குத் திருந்துவான் எண்டு நினைப்பினம். செவிடன் எண்டால் கதை முடிஞ்சுது."

காது மருத்துவரிடம் ஒருமுறை நானே அழைத்துப்போனேன். கருவி பொருத்தினார்கள். ஒரு வாரம் போட்டுவிட்டுக் கழற்றினார். "மனிசர் கதைக்கிறது கேக்குது. பாட்டுக் கேட்டால் தகரத்தைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கு. எனக்கு மனிசர் தேவையில்லை பிள்ளை" என்றார்.

வெய்னிடமிருந்து கடிதம் வந்தது 98 வசந்தத்தில். பழைய பாட்டுகளின் ஒலிநாடாக்கள் எல்லாம் பழைய இசைத்தட்டுக் கம்பெனியோடு கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டன. அவற்றின்மேல் குழுவுக்கு எந்த உரிமையும் இல்லை. வேறொரு சின்னக் கம்பெனி, அதே பாட்டுகளை அதே ஆட்களை வைத்து மறுபடி பதிவு செய்யலாம் என்று முன்வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, பழையது போலவே இருக்க வேண்டும். ஆஸ்டினுக்கு வெளியே, பழைய பருத்திக் கிடங்கு ஒன்றில் ஸ்டூடியோ.

அந்தச் சில மாதங்கள் நான் பார்த்த ஞானராஜா அண்ணா வேறு ஆள். முடி வெட்டிக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை விளிம்பில் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பழைய ஆர்கனில் நெற்றியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிப்பார். மரத்தின் அதிர்வு தலைக்குள் போகும் என்பார். "காது வேணாம். விரலுக்கெல்லாம் வழி தெரியும். டோனியின்ர தோள் தெரிஞ்சால் போதும், தாளம் பிடிச்சிடுவன்." டோனி என்பவர் டிரம்ஸ் வாசிப்பவர். காது விஷயம் குழுவில் யாருக்கும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்காததால் ஃப்ரீவேயில் அவர் கார் ஓட்டுவதில்லை. நான்தான் ஆஸ்டினுக்கு ஓட்டிப்போனேன்.

அவர்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எல்லாரும் வயதானவர்கள் என்பதுதான். வெய்ன் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமினார். ராயின் கைமூட்டுகள் வீங்கியிருந்தன. "ஜானி!" என்று கட்டிக்கொண்டார்கள். கண்ணாடி அறைக்குள் இருந்த டோனி தெரியும்படி ஆர்கனைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டார் அண்ணா. திருப்பி வைத்தார்கள். நான் ஒலிப்பதிவாளர் அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். முதல் பாட்டு, அந்தப் பெரிய பாட்டு.

ஆர்கன் தொடங்கியது. என் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் பேச்சை நிறுத்தினார். எனக்கு ராக் இசை தெரியாது. ஆனாலும் அது இருபது வருடங்களுக்கு முந்தைய அதே வாசிப்பு என்பது அங்கிருந்தவர்களின் முகத்தில் தெரிந்தது. பிறகு வெய்ன் பாடத் தொடங்கினார். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை அவர் மைக்கைத் தள்ளிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். உள்ளே கூடிப் பேசினார்கள். பாட்டின் சுருதியை ஒரு கட்டை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

கிட்டார்க்காரர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. அண்ணாவின் விரல்களுக்கோ ஒரே ஒரு வழிதான் தெரியும். புதிய சுருதியில் தொடங்கினார். நாலைந்து சுரம் சரியாக வந்தது. பிறகு கை தானாகப் பழைய இடத்துக்குப் போனது. நிறுத்தினார்கள். மறுபடி. ஆர்கன் கட்டைகளைப் பார்த்து யோசித்து வாசித்தபோது டோனியின் தோளைப் பார்க்க முடியவில்லை, தாளம் பின்தங்கியது. மறுபடி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரோ ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்து, இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நீ பழையபடி வாசி, சத்தம் கீழே இறங்கி வரும் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. அவருக்குக் கொஞ்சமாவது கேட்பது கீழ்ச் சத்தங்கள் மட்டும்தான். விரல் ஒன்றைச் சொல்ல, காது வேறொன்றைச் சொல்ல, அவர் ஹெட்போன் சத்தத்தைத் திருகி ஏற்றிக்கொண்டே போனார்.

ஒலிப்பதிவாளருக்கு ஏதோ சந்தேகம். எழுந்து உள்ளே போனார். ஹெட்போனைக் கழற்றி வாங்கித் தன் காதில் வைத்தார். வைத்த மறுகணம் அலறிக்கொண்டு அதை வீசினார். அது தரையில் கிடந்து, அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி இரைந்துகொண்டிருந்தது. ஒருவர் மட்டும்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெய்ன் மெதுவாக வந்து அவர் முன்னால் குனிந்தார். "எவ்வளவு நாளா இப்படி, ஜானி?" என்று கேட்டார். தாடி மறைத்த வாய். அண்ணாவால் படிக்க முடியவில்லை. அவர் சிரித்த முகத்தோடு, "சரி, இன்னொரு தடவை வாசிக்கிறேன்" என்றார்.

அதன்பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. காப்பி கொடுத்தார்கள். தோளில் தட்டினார்கள். அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் என்று ராய் ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னார். கூப்பிடவில்லை. நாஷ்வில்லிலிருந்து வேறொருவரை வரவழைத்து, பழைய தட்டைக் கேட்டு அப்படியே வாசிக்கச் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

திரும்பும் வழியில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "பாட ஏலாதவனுக்குப் பாட்டையே இறக்கிக் குடுத்தினம். கேக்க ஏலாதவனுக்கு எதை இறக்கிறது?"

நான் என்ன சொன்னாலும், ஓட்டிக்கொண்டே சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

அடுத்த வருடம் அந்த சிடி தபாலில் வந்தது. உறையின் உள்பக்கம், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் பெயர்களுக்கு நடுவே 'ஜானி ராஜ்' இருந்தது. அவர் அதைப் போட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. எண்ணெய் விலை விழுந்து கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது அவரையும் என்னையும் சேர்த்தே அனுப்பினார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. அவர் தேடவில்லை. ஆர்கனை ஒரு சபைக்குக் கொடுத்துவிட்டார். நான் போனபோது கூடத்தில் அது நின்ற இடத்தில் கம்பளம் அமுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி நடந்து போய்த் தேநீர் போட்டார். ஆர்கன் இன்னும் அங்கே நிற்பது போலச் சுற்றித்தான் போனார். "ஏனுங்ணா குடுத்தீங்க? வீட்டுல சும்மா வாசிச்சுட்டு இருக்கலாமில்லைங்க?" என்று கேட்டேன்.

"ஆருக்கு?" என்றார்.

கடைசி இரண்டு வருடங்களில் அவர் பேசிய வார்த்தைகள் மிகவும் குறைவு. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. தன் குரலே தனக்குக் கேட்காதவர்களுக்கு அப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான் வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோவேன். அழைப்பு மணிக்குப் பயனில்லை என்பதால் ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டுவேன். சில நாள் பார்ப்பார், சில நாள் பார்த்தும் எழுந்து வரமாட்டார். டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாந்தியை இங்கே வரவழைக்கலாம் என்றேன், வேண்டாமென்று தலையை ஆட்டினார். ரூத்திடம் சொல்லட்டுமா என்றேன். அப்போதுதான் கோபப்பட்டார்.

"அவளுக்கு நான் பாட்டுக்காரன். அப்பிடியே இருக்கட்டும்."

அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. நானும் என் கணவரும், பழைய கம்பெனியில் இரண்டு பேர், அவருடைய வீட்டு மேலாளர். வெய்ன் வந்திருந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. ரூத் கறுப்பு உடையில் முன்வரிசையில் நின்றாள். அப்பாவின் சாயல் அப்படியே அவளுக்கு. ஜெபம் முடிந்ததும், தன் தந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வழியனுப்புதல் இருக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவருடைய அறையில் கிடைத்த சிடியை ஒலிபெருக்கியில் போடச் செய்தாள். அந்தப் பெரிய பாட்டு. ஆர்கன் தனியாகத் தொடங்கியது. ஒரு கட்டை இறக்கி. ரூத் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, "அதோ, அது அப்பா" என்றாள்.

நான் வெய்னைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாட்டு முடிந்து வெளியே வந்தோம். வாசலில் ரூத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் அப்பா எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார் இல்லையா என்று கேட்டாள். "ரொம்ப நன்றாக" என்றார் வெய்ன். குழாய்க்குள் மூச்சு சீறியது.

ரூத்துக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. இதைப் படிக்கும் யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ரூத் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த வீட்டில் எடுக்க எதுவும் இருக்கவில்லை. என்னிடம் இருப்பது, அவர் இறப்பதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம். மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஃப்ரீவேயில் எங்கோ விபத்து. வண்டிகள் அசையவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய டிரக் உறுமிக்கொண்டு நின்றது. என் கார் ரேடியோ ஏதோ ஒரு நிலையத்தில் பாடிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. அவர் கதவின் கீழ்ப்பக்கம், ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில், கையை வைத்தார். எடுக்கவில்லை. வெகுநாள் கழித்து அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது.

"இது எங்கட பாட்டெல்லே?"

சத்தத்தைக் கூட்டினேன். ஆமாம். பாடும் பகுதி முடிந்து, கிட்டார்களும் ஆர்கனும் மட்டும் மாறி மாறி ஓடும் நீண்ட கடைசிப் பகுதி. வெய்ன் குரல் இருந்திருந்தாலாவது பழையதா புதியதா என்று சொல்லியிருப்பேன்.

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பி, என் வாயைப் பார்த்தார்.

"இது நானோ, மற்றவனோ?"

உற்றுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டேன். டிரக்கின் உறுமலுக்கு ஊடே ஆர்கன் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மிக அழகாக இருந்தது.

"தெரியலீங்ணா" என்றேன்.

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். பாட்டு தேய்ந்து, விளம்பரம் தொடங்கி, முன்னால் நின்ற வண்டிகள் நகரத் தொடங்கிய பிறகும் அவர் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.